பக்கத்து இருக்கையின் பிரேக்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். என் கால்கள் இரண்டும் நலமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தால் அவை எப்படி நலமாக இருக்கும்? உன் ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரை போடுகிறாயா, இல்லை, நான் ஊரை விட்டுக் கிளம்பியதும் அதுவும் பெட்டிக்குள் போய்விட்டதா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்"முக்கு அர்த்தம் தேடி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். வெறும் "ம்" என்று எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் என்னை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் வார்டில் நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள். இருபது படுக்கை. எங்கள் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதில் படுக்கை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நாங்கள் ஒரு காந்தத் துண்டு ஒட்ட வேண்டும். துண்டுகளில் நான்கே ஆங்கில வார்த்தைகள்: கன்சர்ன், வொரி, ஆங்ஷியஸ், அலார்ம். கன்சர்ன் என்றால் டாக்டர் சுற்றி வரும்போது பார்ப்பார். வொரி என்றால் அரைமணிக்குள் வருவார். அலார்ம் என்றால் ஓடி வருவார். டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, பலகையைத்தான் பார்க்கிறார்கள்.

நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கவலைதானே? பால் திரிந்தாலும் கவலை, நீ வர நேரமானாலும் கவலை. நான் முதல் நாளே முழங்கால் ஆபரேஷன் தாத்தா ஒருவருக்கு ஆங்ஷியஸ் ஒட்டினேன். அது நோயாளியின் மனசு படபடக்கும்போது ஒட்டுவதாம். ஆலோசகர் அம்மா ஒருவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியோடு வந்து, தாத்தாவின் சிறுவயதுக் கஷ்டங்களை விசாரித்தார். தாத்தாவுக்குக் கஷ்டமே இல்லை. ஆனாலும் ஆசையாக ஒருமணி நேரம் பேசினார். பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "படபடப்பு யாருக்கு? அவருக்கா, உனக்கா?" என்றார். எனக்குத்தான்.

பெரிய நர்ஸுக்கு நான் தராசு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜூன் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு இந்த வேலை நிரந்தரம். போடாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். உன்னிடம் டிரைவிங் கற்றுக்கொள்ள அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வருகிறார் என்றாயே? அவரிடம் இந்த நான்கு வார்த்தைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு எழுது.

உன் கால்கடுத்த தங்கை

ஜனவரி 24

வாலுக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். நீ சிரிப்பாய், ஆனாலும் உண்மை. வீட்டில் குழாய் சொட்டுகிறது, கேஸ் அடுப்பின் இடதுபக்கம் மக்கர் பண்ணுகிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நான் ஒருத்தன்தான்.

நீ சொன்னவரைப் பற்றி எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் அகராதியில் பிழை பார்ப்பது அவர் வேலை. ஸ்டியரிங்கிலும் அப்படித்தான். சந்திப்பு வந்தால் முழுசாக நிறுத்தவும் மாட்டார், முழுசாகப் போகவும் மாட்டார். அதனால் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு அரைப்புள்ளி என்று பேர். நான்தான் வைத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "அரைப்புள்ளி நல்ல குறி சார், நிறைய பேருக்கு அதை எங்க போடணும்னே தெரியாது" என்றார். இரண்டு முறை லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டவர், இதில் மட்டும் அசரவே இல்லை.

உன் விஷயத்தைச் சொன்னேன். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, நடுரோட்டில் வண்டி குலுங்கி நின்றது கூடத் தெரியாமல், "ஆஹா, நாலும் நாலு ஜாதி சார்" என்றார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டார். அழகாக ஒரு பட்டியல் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் அனுப்புகிறேன். தைரியமாக இரு.

உன் அண்ணன்

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குழாய்க்கு வாஷர் மாற்று; என் அறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் டப்பாவில் இரண்டு வைத்திருக்கிறேன்.

இந்த வாரக் கூத்தைக் கேள். டாக்டர் என்னிடம், "பன்னிரண்டாம் படுக்கைக்காரர் சரியாகச் சாப்பிடவில்லையே?" என்றார். நான் பணிவாக, பதறாத நர்ஸ் என்று காட்டிக்கொள்ள, "ஐ ஆம் நாட் பாதர்ட்" என்றேன். அதற்கு "அவர் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் எனக்கென்ன" என்று அர்த்தமாம்! டாக்டரின் புருவம் மேலே போனது இன்னும் இறங்கவில்லை.

கன்சர்ன் ஒட்டினால் தாமதம், வொரி ஒட்டினால் அவசரக்குடுக்கை. நேற்று ஒருவருக்குக் கால் வீங்கியதற்குக் கன்சர்ன் ஒட்டிவிட்டு நின்றேன். தராசு வந்து பார்த்து, அதை எடுத்துவிட்டு வொரி ஒட்டினார். நல்லவேளை, அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் இருபதில் எனக்கு முதல் மதிப்பீடு. பட்டியல் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும் அண்ணா. அரைப்புள்ளிக்கு என் வணக்கத்தைச் சொல்.

புருவத்துக்குப் பயந்த தங்கை

பிப்ரவரி 26

வாலுக்கு,

நலம். வாஷர் மாற்றியாயிற்று. டப்பாவில் உன் ஒற்றைத் தோடும் கிடைத்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வெயில் ஆரம்பித்துவிட்டது. கார் சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான். புதிதாக ஒரு பல் டாக்டர் கற்றுக்கொள்ள வருகிறார். ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிறவர், ரிவர்ஸ் கியர் போடும்போது தன் வாயைப் பிளந்துகொள்கிறார்.

உன் அறைக்கு வெள்ளையடித்தேன். வெள்ளை இல்லை, உனக்குப் பிடித்த இளம்பச்சை. மெத்தையையும் மாற்றிவிட்டேன். சும்மாதான். கை சும்மா இருந்தது.

வேலை கஷ்டமாக இருந்தால் மனசை வருத்திக்கொள்ளாதே. உலகத்தில் அது ஒன்றுதான் ஆஸ்பத்திரியா? இங்கேயும் இருக்கிறது.

உன் அண்ணன்

மார்ச் 22

அண்ணாவுக்கு,

உடம்பு நலம். மதிப்பீடு முடிந்தது. ஊசி போடுவதில், கட்டுப் போடுவதில், நோயாளிகளிடம் பேசுவதில் எல்லாவற்றிலும் நல்ல பெயர். கடைசி வரியில் தராசு எழுதியிருக்கிறார்: "கவலையை எடைபோடத் தெரியவில்லை." நேரிலும் சொன்னார்: "உன் கைகள் நல்ல கைகள். ஆனால் நீ ஒட்டும் வார்த்தையை நம்பி டாக்டர் வருவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. ஜூனிலும் இப்படியே இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்."

கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து ஆறு பேருக்குக் கட்டு மாற்றினேன். எனக்கு இந்த வேலை வேண்டும் அண்ணா. இதை இவ்வளவு பளிச்சென்று யாரிடமும் சொன்னதில்லை. காலையில் உள்ளே நுழையும்போது இருபது பேரும் தலையைத் திருப்புகிறார்கள்; அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பட்டியல் என்ன ஆயிற்று? உன் போன கடிதத்தில் பெயிண்ட் இருந்தது, மெத்தை இருந்தது, பல் டாக்டரின் வாய்கூட இருந்தது. பட்டியலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அரைப்புள்ளி எழுதித் தரவில்லையா?

தங்கை

ஏப்ரல் 21

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் கால்களும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான்தான் அரைப்புள்ளி.

உங்களுக்கான பட்டியலை நான் பிப்ரவரி 12ஆம் தேதியே எழுதி, உறையில் உங்கள் முகவரியையும் என் கையாலேயே எழுதி, உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். வாராவாரம், "தங்கச்சி என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். "ரொம்ப சந்தோஷப்பட்டா" என்பார். நேற்று மழையில் கண்ணாடி துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தேன். உறை அங்கே இருந்தது. ஒட்டி, தபால்தலையும் வைத்திருந்தது. மூலைகள் மட்டும் அழுக்கு. பல தடவை வெளியே எடுத்து உள்ளே வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"இது என்ன சார்?" என்றேன். அவர் தன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். காரணத்தை நான் ஊகிக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். எனக்கு வந்த கோபத்தில் அன்று ஒரு சந்திப்பில்கூடத் தயங்கவில்லை. உறையைப் பிரிக்காமல் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னியுங்கள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்னொன்று. அவருக்கு என் மேல் இருக்கும் அக்கறையால்தான் நான் இரண்டு முறை தோற்றேன். நான் பிரேக்கை நினைப்பதற்குள் பக்கத்து இருக்கையில் அவர் பிரேக் போட்டுவிடுகிறார். டெஸ்ட் எடுத்த அதிகாரி, "நீங்க யாரோட காலுக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

தங்கள் அன்புள்ள
பிழை பார்ப்பவள்

(உறைக்குள் இருந்தது)

பிப்ரவரி 14

வாலுக்கு,

நலம். பட்டியல் வந்துவிட்டது, இத்துடன் இருக்கிறது. படித்தேன். மிக அழகு, ஆனால் எனக்குப் பாதி ஏறவில்லை. அப்புறம் வண்டியில் உட்கார்ந்ததும் ஏறிவிட்டது. என் பாஷையில் சொல்கிறேன், கேள்.

என் பக்கம் ஒரு பிரேக் இருக்கிறது, உனக்குத் தெரியும். கற்றுக்கொள்கிறவர் ஒழுங்காக ஓட்டும்போது என் கால் தரையில் இருக்கும். தூரத்தில் பந்து விளையாடும் பிள்ளைகள் தெரிகிறார்கள். காலைத் தூக்கிப் பிரேக்குக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பதற்றம் கிடையாது, கண் மட்டும் அங்கேயே. அதுதான் கன்சர்ன். பந்து ரோட்டுக்கு வருகிறது. கால் பிரேக் மேல் ஏறிவிட்டது, இன்னும் அமுக்கவில்லை. அது வொரி. பந்துக்குப் பின்னால் பிள்ளை ஓடி வருகிறது, அமுக்கியாயிற்று. அது அலார்ம்.

ஆங்ஷியஸ்தான் வேறு. ரோடு காலி. பந்தும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனாலும் கால் பிரேக்கைத் தேடுகிறது. அரைப்புள்ளி சொன்னார்: "அது ரோட்டைப் பத்தினது இல்ல சார், உங்க காலைப் பத்தினது." பட்டென்று சொல்லிவிட்டார்.

ஆகவே டாக்டரிடம் போவதற்கு முன்னால் உன் காலைக் கேள். பதினெட்டு வருஷமாக நான் அதைத்தான் கேட்கிறேன். ஒரு வண்டியில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

உன் அண்ணன்

மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் மாத்திரையும் நலம்தானே?

பிப்ரவரிக் கடிதம் மே இரண்டாம் தேதி கிடைத்தது. தபால்காரரைத் திட்டப்போவதில்லை. பட்டியலையும் உன் கடிதத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் என் காலையே கவனித்தேன். மற்ற நர்ஸுகள் எனக்குச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தார்கள்.

முந்தாநாள் ஏழாம் படுக்கை. அவர் ரொட்டிக் கடைக்காரர். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். வாய் ஓயாது. எங்கள் ஆஸ்பத்திரி ரொட்டியைச் செருப்பு என்பார், செங்கல் என்பார். முந்தாநாள் காலைத் தட்டை வைத்தேன். ரொட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாடி, அழுத்தம், காய்ச்சல் எல்லாம் சரியான எண்கள். போர்வையை இழுத்தார், விலக்கினார், மறுபடி இழுத்தார். நான் நின்ற இடத்தில் என் வலதுகால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது, அண்ணா. நான் அமுக்கவில்லை, அதுவாக.

நேராகப் போய் வொரி ஒட்டினேன். டாக்டர் வந்து, "எண்ணெல்லாம் நல்லா இருக்கே, எதை வச்சு ஒட்டினே?" என்றார். உன் பேரைச் சொல்ல முடியுமா? "காலையிலிருந்து ரொட்டியைத் திட்டவில்லை டாக்டர். ஐ ஆம் வொரீட்" என்றேன். அவர் போய் வயிற்றைத் தொட்டார். தொட்டவர் முகம் மாறியது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. ஒருமணி நேரத்துக்குள் மறுபடி ஆபரேஷன். இன்று காலையில் கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "அந்தச் செங்கலை மட்டும் கொண்டு வந்துராதே தாயே" என்றார்.

தராசு பலகையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காந்தத்தைத் தொடவில்லை.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கேட்காமல் விடுகிறேன். நீயாக எழுது.

உன் தங்கை

மே 29

வாலுக்கு,

நலமா என்று கேட்கக்கூட இந்த முறை எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எழுதியது பிப்ரவரி பதினாலு. அன்றைக்கே தபால்தலை ஒட்டினேன். தபால் பெட்டிக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை கை பெட்டியின் வாய்க்குள்ளேயே இருந்தது. பின்னால் ஒருத்தர், "சார், போடறீங்களா, இல்ல நான் போடட்டுமா?" என்றார். வெளியே எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் போனால் நீ ஜெயித்துவிடுவாய். ஜெயித்தால் அங்கேயே இருந்துவிடுவாய். போகாவிட்டால் ஜூன் கடைசியில் வீட்டுக்கு வருவாய். அதனால்தான் பச்சை பெயிண்ட். அதனால்தான் மெத்தை.

வீடு காலியாக இருக்கிறது, வாலு. இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். அதற்காக உன் காலை வாரிவிடலாமா? வாரினேன். ரொட்டிக் கடைக்காரர் விஷயத்தை நாலு தடவை படித்தேன். அந்த உறை டேஷ்போர்டிலேயே இருந்திருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

உறை அகப்பட்ட மறுநாளே, நான் செய்ததற்கு எந்த வார்த்தை பொருந்தும் என்று அரைப்புள்ளியிடம் கேட்டேன். "அந்த நாலுலயும் இது வராது சார், திருட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதைப் பாருங்க" என்றார். இரண்டு வாரம் கிளட்ச், கியர் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்றாவது வாரம் நான் ஷூவைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "இன்னைக்கு நீங்களே ஓட்டுங்க" என்றேன். ஊரையே ஒரு சுற்று சுற்றினோம். என் முழங்கால் மரத்துப்போனதுதான் மிச்சம், வேறு சேதாரம் இல்லை. போன வெள்ளிக்கிழமை டெஸ்ட். பாஸ்.

தலை குனிந்த அண்ணன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். தராசு கையெழுத்துப் போட்டுவிட்டார்! கீழே ஒரு வரி: "இவர் கவலைப்பட்டால் நான் எழுந்து போவேன்." நகல் எடுத்து அலமாரிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால்தான். ஒரு வாரம் நல்ல கோபம். இரண்டாவது வாரம் அந்த இரண்டாவது தட்டு நினைவுக்கு வந்து கெடுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன்: மார்ச்சில் அந்த மதிப்பீடு வந்த அன்று, அழுததற்கு நடுவே, "பரவாயில்லை, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. ஆக, நீ மட்டும் இல்லை. மன்னித்தாயிற்று. ஆனால் இனிமேல் என் தபால்களை அரைப்புள்ளிதான் பெட்டியில் போட வேண்டும். உன்மேல் நம்பிக்கை இல்லை.

டிசம்பரில் ஒரு மாதம் லீவு. பச்சை அறையில் வந்து தூங்குவேன். விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்?

அது கிடக்கட்டும். இந்த ஆறு மாதத்தில் நீ எழுதிய நான்கு கடிதத்திலும் குழாய், பல் டாக்டர், பெயிண்ட் எல்லாம் வந்து வந்து போயின. அத்தனையையும் எண்ணிப் பார்த்தேன். விடாமல் வந்தவர் ஒருவர்தான். வரவேண்டிய கடிதம் ஒன்றில் மட்டும் அவரைக் காணோம். அது நீ உறையை ஒளித்துவைத்துவிட்டு எழுதிய கடிதம். பாஸான பிறகு அவர் எதற்கு இன்னும் வர வேண்டும்? வருகிறாரா, இல்லையா? நான் எடைபோடத் தெரிந்த நர்ஸ், ஞாபகம் இருக்கட்டும். அவரை எப்படிக் கூப்பிடுவது? அரைப்புள்ளி போதுமா, அண்ணி என்று கூப்பிடலாமா? கேட்டு எழுது. இந்தக் கேள்வியை டேஷ்போர்டில் வைக்காதே.

நிரந்தர நர்ஸ்

ஜூலை 16

வாலுக்கு,

நலம். உன் கையெழுத்துச் செய்தியை டிரைவிங் ஸ்கூல் முழுக்கச் சொல்லியாயிற்று. பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

வருகிறார். சொந்தமாகப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிக்கொள்ள, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான். போன ஞாயிறு உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். மூன்று சந்திப்பு தாண்டியும் வாய் வரவில்லை. நாலாவதில், "தங்கச்சி ஒண்ணு கேக்கச் சொன்னா" என்று உன் கடைசிப் பத்தியை அப்படியே படித்தேன். முழுசாக, அண்ணி வரைக்கும்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார், முழுசாக. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், கைப்பிரேக்கை இழுத்தார், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த அதே வரிசை, ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணின்னே கூப்பிடச் சொல்லுங்க" என்றார்.

விமான நிலையத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். அவர் ஓட்டுவார்.

அவ்வளவு நேரமும் என் வலதுகால் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது, வாலு. அந்தக் காரில் என் பக்கம் பிரேக்கே கிடையாது என்பது, அவர் "சரி, காலை எடுங்க" என்று சிரித்த பிறகுதான் தெரிந்தது.

உனக்கு
அண்ணன், அவருக்கு மாஸ்டர்